எங்கள் கையால் வாங்காதவர்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் தென்னூருக்குக் குடிவந்தோம். ஐம்பதுகளின் கடைசி. என் கணவருக்குப் பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அது கிடைக்கிறவரை தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும் என்று ஒரு மாடி போர்ஷனைப் பிடித்தார். போதும் என்று பிடித்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம்.

வீட்டுக்காரர் கீழே இருந்தார். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். போஸ்ட் மாஸ்டராக ஊர் ஊராக மாற்றலாகிப் போய் ரிட்டையர் ஆனவர். மனைவி இறந்து பல வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நாங்கள் வீடு பார்க்கப் போன நாளில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கிறிஸ்தவாளா?"

"ஆமா சார்" என்றார் என் கணவர்.

"மாமிசம் சமைக்கப்படாது. காலம்பற கிணத்துல நான் எடுத்தப்புறம்தான் நீங்க எடுக்கணும். மத்தபடி உங்க பாடு உங்களுக்கு, என் பாடு எனக்கு."

நாங்கள் தலையை ஆட்டினோம். வேறு இரண்டு வீடுகளில் கிறிஸ்தவர்கள் என்று சொன்னதுமே இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். இவர் நிபந்தனை போட்டாவது கொடுக்கிறாரே என்றுதான் தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்தது பாலக்கரைப் பக்கம், எங்கள் சபைக் கோவிலை ஒட்டிய ஒரு தெருவில். அங்கே ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டுப் பெண்கள் வந்து நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அது எவ்வளவு தொந்தரவு என்று அப்போது அலுத்துக்கொண்டதுண்டு. தென்னூரில் அந்தத் தொந்தரவு இல்லை. புதிதாகக் கட்டிய வீடுகள், இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர்கள், உள்ளே தாழிட்ட இரும்பு கேட்டுகள். எல்லாரும் எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள். காலையில் ஆண்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்விடுவார்கள். அதன்பின் தெருவில் கீரைக்காரியின் குரல் மட்டும்தான். எதிர் வீட்டு அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவோம். சபையிலும் பாதிப் பேர் ஊரின் பல மூலைகளுக்குப் பிரிந்து போயிருந்தார்கள். வாரம் ஒருமுறை நல்ல துணி உடுத்தி ஒருவரையொருவர் பார்த்து, "ஸ்தோத்திரம், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களாக ஆகியிருந்தோம். நானும் அப்படித்தான் ஓடினேன்.

அந்த வீட்டுக்கு வந்த எட்டாம் மாதம் எனக்குக் கரு கலைந்தது. நாலாவது மாதம். அம்மா வந்து எட்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அங்கே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஐயரம்மா ஒருமுறை வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அவ்வளவுதான். தெருவில் யாருக்கும் தெரியாது. தெரியவைக்க எனக்கும் மனமில்லை. என் கணவர் விடியற்காலையில் எழுந்து சமைத்துவைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். ஜெபிக்க வாயெடுத்தால் வார்த்தை வராது. வார்த்தை வராத ஜெபமும் ஜெபம்தான் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது அதை நம்பவும் தெம்பில்லை.

அம்மா போன மறுநாள் காலை என் கணவர் தண்ணீர் எடுக்கக் கீழே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"நம்ம ரெண்டு வாளியும் படிக்கட்டுகிட்ட நிறைஞ்சு இருக்கு" என்றார்.

"நீங்க ராத்திரியே எடுத்து வெச்சிருப்பீங்க."

"இல்லம்மா. காலி வாளியைத்தான் வெச்சிட்டு வந்தேன்."

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் சீக்கிரம் எழுந்து மேலிருந்து பார்த்தார். வீட்டுக்காரர் குளித்து, ஈர வேட்டியோடு, தனக்கு எடுத்த பிறகு எங்களுக்கும் இறைத்துக்கொண்டிருந்தார். தன் குடத்தை உயரத் தூக்கி, எங்கள் வாளியில் படாமல், மேலிருந்து ஊற்றினாராம். கண் சரியாகத் தெரியாததால் பாதி தரையில் போனதாம். வாளி நிறைகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு நிறுத்தினாராம்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கீழே போய் அவர் வாசலுக்கு வெளியே நின்றேன்.

"ஐயா, தண்ணி எடுத்து வெச்சது நீங்களா?"

"உடம்பு தேவலையா?" என்றார். "படி ஏறி எறங்காதே. இன்னும் பத்து நாளாவது ஆகணும். எங்காத்துலயும் ரெண்டு தடவை இப்படி ஆச்சு. அப்போ நான் வெளியூர்ல இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். மாடிக்கு வந்து நான் நன்றாக அழுதேன். அதுவரை அப்படி அழுகை வந்திருக்கவில்லை.

அதற்குப்பின் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பரபரப்பு. ஆனால் என்ன செய்வது? நாங்கள் சமைத்ததை அவர் சாப்பிடமாட்டார். எங்கள் தண்ணீரைத் தொடமாட்டார். பிறனை நேசி என்று சிறுவயதிலிருந்து படித்தவளுக்கு, நேசிப்பது என்றால் ஒரு தட்டில் எதையாவது போட்டு எடுத்துக்கொண்டு போவது என்றுதான் தெரியும். தட்டு போகாத இடத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொள்வார். அதையும் கையில் வாங்கமாட்டார். நான் வாசல் நடையில் வைத்துவிட்டு விலகவேண்டும்.

ஒருநாள் போஸ்ட் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படி அருகே வந்து நின்றார்.

"இது யார் எழுதினது, பாரும்மா. கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன்."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கார்டு ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் தம்பி எழுதியது. தகப்பனாரின் திதி வருகிற தேதி, இந்த வருஷமாவது வரவேண்டும், இவ்வளவுதான் விஷயம். நான் படித்து முடித்ததும் அவர் முகம் கல்லாகிவிட்டது.

"கிழிச்சுப் போட்டுடு."

நான் கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. என் வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

அன்றிலிருந்து, கணவர் வேலைக்குப் போனபின் மத்தியானத்தில் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். எனக்காகப் படிப்பதுபோல. இரண்டாம் நாள் உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு வாரத்தில் நாற்காலி வாசலுக்கே வந்துவிட்டது. பத்து நாளில், "அந்த ரயில்வே சேதியை இன்னொருதரம் படி" என்றார். அரை மணி நேரம். நாளில் நான் இன்னொரு மனிதரோடு பேசுகிற நேரமும் அதுதான். ஆகவே அதை ஊழியம், தியாகம் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. கர்த்தருக்காகச் செய்தேனா, மதிய வேளையின் அமைதி தாங்காமல் செய்தேனா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாதம் ஒருமுறை சாட்சி சொல்லவேண்டும். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள்: "கீழ்வீட்டுல ஒரு ஐயங்கார் தனியா இருக்காராமே. ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியாம்மா?"

"இல்லீங்க. பேப்பர் படிச்சுக் காட்டுறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது வருஷம், மழைக்காலம். ஒரு காலை நேரம் கீழே பாத்திரம் உருளும் சத்தமும் அவர் கத்துவதும் கேட்டது. ஓடினேன். சமையலறையில் ஸ்டவ் பக்கத்தில் அவர் தோளில் இருந்த துண்டு பற்றிக்கொண்டு எரிகிறது. கண் தெரியாமல் தீயின்மேலேயே துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் அவர் நடையைத் தாண்டியவள் இல்லை நான். அன்று எதையும் யோசிக்கவில்லை. உள்ளே போய்த் துண்டை இழுத்துப் போட்டு, கைக்கு அகப்பட்ட குடத்தைத் தூக்கி ஊற்றினேன். தீ அணைந்தது. அவர் வலது கை மணிக்கட்டுவரை வெந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஊற்றியது அவர் குடிக்கிற தண்ணீர்க் குடம்.

கணவருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து டாக்டரிடம் அழைத்துப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் கட்டோடு, மற்ற கையால் சொம்பு சொம்பாக ஊற்றிச் சமையலறையை அவர் கழுவிக்கொண்டிருந்தார். நான் தொட்ட அந்தக் குடத்தைக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

என் கணவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "தீயை அணைச்ச கைக்கு இதான் மரியாதையா? நாளைக்கே வேற வீடு பாக்குறேன்."

எனக்கும் வலித்தது. அன்றைய குடும்ப ஜெபத்தில் வழக்கமாகச் சொல்வதுபோல "கீழ்வீட்டு ஐயாவுக்காக" என்று சொல்ல வந்து, சொல்லாமல் ஆமென் போட்டுவிட்டேன். கிறிஸ்தவ அன்பு பொறுமையுள்ளது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று என்னால் முடியவில்லை.

மறுநாள் பேப்பர் படிக்கப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படியின் கீழே அவர் குரல்.

"அம்மா, இருக்கியா?"

படியின் மேலே வந்து நின்றேன்.

"அது உன்னை நினைச்சு அலம்பலே. உன் மேல எனக்கு ஒண்ணுமில்லே. எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியலே. அறுபத்தஞ்சு வயசாறது. இனிமே கத்துக்கவும் முடியாது. நீ வருத்தப்பட்டிருப்பேன்னு தெரியறது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு கையால் படிச் சுவரைத் தடவிக்கொண்டு அவர் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன், வேட்டி இடுப்பில் தளர்ந்து தொங்கியது.

"ஐயா, மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"பால் இருக்கு. பழம் இருக்கு."

அந்தக் கையால் சமைக்க முடியாது. கண்ணும் இல்லை. ஓட்டல் சாப்பாடு தொடமாட்டார். எங்கள் சாப்பாடும் கிடையாது. இப்படியே விட்டால் இந்த மனிதர் பாலும் பழமுமாகவே தேய்ந்துபோவார் என்று தோன்றியது. வேதப்புத்தகத்தைத் திறந்து அந்தப் போஸ்ட் கார்டை எடுத்தேன். தம்பி வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டுமா என்று கணவரிடம் கேட்டேன். கார்டை வாங்கிப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை போ. நான் வீட்டுல இருந்து பாத்துக்கறேன்" என்றார். வேறு வீடு பார்க்கும் பேச்சு அதோடு போயிற்று.

ஆராதனை நடக்கிற நேரத்தில் நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருந்தேன். பாலத்தில் போகும்போது காவேரி கரை தொட்டு ஓடியது. கார்டில் இருந்த விலாசம் உத்தர வீதியில். ஆராதனைக்குப் போவதுபோல வெள்ளைச் சேலை கட்டி, நெற்றியில் பொட்டில்லாமல் நான் வாசலில் நின்றதைப் பார்த்து, உள்ளிருந்து வந்த மாமிக்கு ஒரு கணம் முகம் மாறியது. ஐம்பது வயதிருக்கும். மடிசார் கட்டி, கையில் கரண்டியோடு வந்தார்.

"யாரு? என்ன வேணும்?"

"தென்னூர்ல ஐயா வீட்டு மாடியில குடியிருக்கேன் மாமி. போஸ்ட் மாஸ்டர் ஐயா."

கரண்டியைக் கீழே வைத்தார். "இருக்காரோல்லியோ?"

"இருக்காரு. கை வெந்துபோச்சு. கண்ணு சுத்தமா தெரியலை. சாப்பாடு இல்லை."

மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். அவருடைய கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்காத்துக்காரர்கிட்ட சொன்னா வீம்பு பிடிப்பார். அண்ணா கூப்பிட்டாத்தான் வருவேன்னு பன்னண்டு வருஷமா உக்காந்திருக்கார். வருஷா வருஷம் திதிக்கு ஒரு கார்டு போடறதோட சரி. அண்ணா கூப்பிடமாட்டார். ரெண்டு பேரும் ஒரே அச்சு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ போ. நாளைலேருந்து தளிகை பண்ணி நான் எடுத்துண்டு வரேன்."

"பஸ்ஸுல கொண்டு வந்தா ஐயா சாப்பிடுவாரா மாமி? மடி அது இதுன்னு..."

"நாலு பேர் இடிச்சுண்டு வர பஸ்ஸுல என்ன மடி? பெருமாள் பாத்துப்பார். அவர்கிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காதே, நான் பேசிக்கறேன்."

மறுநாள் பதினோரு மணிக்குத் தூக்குச் சட்டியோடு வந்து இறங்கினார். மாமி தன் கணவரின் அண்ணன் முன் நின்று பேசிப் பழக்கமில்லாதவர். கதவுக்கு வெளியே நின்றபடி, "தளிகை கொண்டு வந்திருக்கேன்" என்றார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவன் அனுப்பினானா?"

"இல்லே. அவருக்குத் தெரியாது."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"அப்போ வெச்சுட்டுப் போ."

அன்று சாத்தமுது சாதத்தை, எங்கள் பேச்சில் ரசம் சாதத்தை, அவர் சாப்பிட்ட சத்தம் மாடிவரை கேட்டது என்றால் நம்புவீர்களா? எனக்குக் கேட்டது.

அப்படியே மூன்று வாரம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் வீட்டில் இருப்பதால் மாமி வெளியே வர முடியாது. அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து நான் போய் வாங்கி வந்துவிடுவேன். மூடிய தூக்குச் சட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, பையின் காதை மட்டும் பிடித்துக்கொண்டு வருவேன். அதை வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சபைக்குப் போகாமல் மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ஐயர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

கீழே நாற்காலியில் இருந்தவர், "யார் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"எங்க ஐயர் வந்திருக்காரு, ஐயா."

"ஐயரா? உங்களுக்கா?"

"எங்க சபைப் போதகரை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "நான் ஐயங்கார். எனக்கே ஐயர் கிடையாது. உனக்கு இருக்காரா!"

ஐயரும் சிரித்துவிட்டார். மாடிக்கு வராமல் படியிலேயே உட்கார்ந்து அவரோடு பேச ஆரம்பித்தார். எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், எந்த ஊரில் தபால் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் பேச்சு. நடுவில் மாமி வந்தார், தூக்குச் சட்டியை வைத்தார், போனார். ஐயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்வரை வந்தவர் நின்றார்.

"மூணு வாரமா ஏன் ஆராதனைக்கு வரலைன்னு கேக்கத்தாம்மா வந்தேன்" என்றார். "கேக்கலை. போயிட்டு வரேன்."

கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்த டாக்டர், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்று சொன்னார். அறுபத்தைந்து வயதில் எதற்கு என்றார் வீட்டுக்காரர். மாமியும் நானும் மாறி மாறிச் சொன்னோம். கடைசியில் என் கணவர்தான், "சார், பேப்பரை நீங்களே படிக்கலாம். இவ படிக்கிறதுல பாதி தப்பு" என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தார்.

அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் என்றால் சாமானியமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, அசையாமல் நாள்கணக்கில் படுத்திருக்கவேண்டும். தும்மக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாக அழக்கூடாது. மாமி தினம் வந்து, கரைத்த சாதத்தை ஸ்பூனில் கொடுப்பார். அதுவரை முகம் பார்த்துப் பேசாதவர், கட்டுப்போட்ட அந்த முகத்துக்கு நேராகக் குனிந்து ஊட்டினார்.

நாலாம் நாள் ஊட்டிக்கொண்டே சொன்னார்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் வாயில் சாதம் இருந்தது.

"தந்தி குடுக்க வேண்டாம்னு சொன்னது மன்னிதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமி என் பக்கம் திரும்பாமல் சொல்லிக்கொண்டே போனார். மன்னி என்றது இவர் மனைவியை. அவர் ஸ்ரீரங்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்தபோது இவர் வெகுதூரத்தில் ஓர் ஊரில் புதிதாக ஆபீஸ் பொறுப்பு ஏற்றிருந்தார். "இப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கார், கலவரப்படுத்தாதீங்கோ, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்னு மன்னி சொன்னா. மூணாம் நாள் எங்க கையை மீறிடுத்து. நீங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எங்காத்துக்காரர் அதைச் சொல்ல வந்தார். வாசல்லயே நிறுத்தி, இனிமே எங்கிட்ட பேசாதேன்னுட்டேள். அன்னிலேருந்து இவரும் வாயைத் திறக்கலே. நான் திறந்திருக்கணும். பன்னண்டு வருஷம் ஆயிடுத்து."

ஊரிலுள்ளவர்களின் தந்தியெல்லாம் தன் கைவழியாகப் போன மனிதருக்கு, தன் வீட்டுத் தந்தி வரவில்லை. அதுதான் அவரைத் தென்னூரில் தனியாக வீடு கட்டவைத்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாமி, ஐயா அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன் பயந்துபோய்.

அவர் அசையவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையில் மட்டும் நரம்பு புடைத்தது. "அவ அப்படித்தான் சொல்லியிருப்பா" என்றார். பிறகு, "சாதம் ஆறிடும். குடு."

மறுநாள் தூக்குச் சட்டியோடு மாமிக்குப் பதில் ஒரு ஆண்பிள்ளை வந்தார். அதே நெற்றி, அதே நீண்ட மூக்கு. வார்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"யாரது? காலடி வேற மாதிரி இருக்கே" என்றார் கட்டுக்குள்ளிருந்தவர்.

வந்தவர் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து அண்ணன் பாதத்தைத் தொட்டார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, தீ விபத்தன்று என் ஜெபத்தில் விட்டுப்போன பெயரைச் சொன்னேன். இரண்டு மூன்று முறை சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நேராக ஸ்ரீரங்கம் போனார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் கீழ்வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தம்பி போன அன்று மத்தியானம், பேப்பரை எடுத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் கடைசிப் படிவரை இறங்கிவிட்டேன். மூடிய கதவைப் பார்த்து எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இதைத்தானே வேண்டினாய் என்று கேட்டுக்கொண்டேன். வேண்டியது கிடைத்தபோது இப்படி வெறிச்சென்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். தடித்த புதுக் கண்ணாடி போட்டிருந்தார். என் குரலைக் கேட்டுத் திரும்பியவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீயா? இத்தனூண்டு பொண்ணா! பேச்சைக் கேட்டு நாப்பது வயசுன்னா நினைச்சிண்டிருந்தேன்."

மாமி உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் பாய் போட்டு எங்களுக்கு இலையில் சாப்பாடு போட்டார்கள், திருக்கண்ணமுது என்று அவர்கள் சொல்லும் பாயசத்தோடு. அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை வழக்கம்போலத் தரையில் வைத்தேன். வழக்கம்போல அதன்பின்தான் எடுத்துக்கொண்டார். அவர் சாகிறவரை எங்கள் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. முதலில் அது எனக்கு முள்ளாக இருந்தது. எப்போது முள்ளாக இல்லாமல் போயிற்று என்று நினைவில்லை.

அறுபதுகளின் நடுவில் பொன்மலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதற்குள் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள். ஒர்க் ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆறுபோல ஓடும். அது வடிந்ததும் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். சாமான்களை இறக்கிப்போட்ட மூன்றாம் நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவின் முன் போய் நின்றேன். கூச்சம். திரும்பிவிடலாம் என்றுகூட இருந்தது. தட்டினேன்.

மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். என் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத கண்கள்.

"யாரு வேணும்ங்க?"

"யாரும் வேணாங்க. பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம்."

அவள் என்னையும் குழந்தையையும் பார்த்தாள். உள்ளே ஏதோ தீய்கிற வாசனை வந்தது.

"ஐயோ, தோசை! இருங்க, போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தாமல்தான் ஓடினாள். நான் நின்றேன்.